தொண்ணூற்றுநாலு சதவீதம் துரை

துரை என்றதும் யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். சாம்பலும் வெள்ளையும் கலந்த மயிலை நிறத்தில், திமில் மட்டும் கறுத்து, இடது கொம்பு ஒரு விரற்கடை உள்ளே வளைந்த ஜல்லிக்கட்டுக் காளை அது. இலுப்பூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற வசந்தகுமார் அதைக் கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்தான். ரஞ்சிதா அவனுக்கு மூன்று வருடத்துப் பெண்டாட்டி. துரை ஆறு வருடத்துச் சொந்தம். இதில் யாருக்கு சீனியாரிட்டி என்று அந்த வீட்டில் சண்டை வந்ததே இல்லை. துரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் வசந்தகுமார் காபியைத் தொடுவான். “துரை எந்திரிச்சிட்டாங்களா, தண்ணி கேட்டாங்களா?” என்று ரஞ்சிதா கேலி பேசுவாளே தவிர, அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஒரு மாட்டிடம் இவ்வளவு பிரியமாக இருக்கிறவன் மனுசியிடம் மோசமாக இருக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு இதுவரை பொய்க்கவில்லை.

மாசி மாதம் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் துரையை அவிழ்த்துவிட்டார்கள். வாடிவாசலில் இருந்து பாய்ந்த வேகத்தில் யார் கைக்கும் சிக்கவில்லை. மைக்கில் வசந்தகுமார் பேரைச் சொல்லி அண்டா பரிசு என்றார்கள். துரைக்கு அண்டாவில் அக்கறை இல்லை போலிருக்கிறது. காளைகளைப் பிடித்துக் கட்டக் கயிற்றோடு நின்ற ஆட்களையும் தாண்டி, வயலில் இறங்கி, தைலமரக் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. அண்டா மட்டும் வேனில் இலுப்பூர் வந்து சேர்ந்தது. காளையும் வரவில்லை, காளைக்காரனும் வரவில்லை.

“துரை இல்லாம வீட்டுக்கு வரமாட்டேன், ரஞ்சி” என்று போனில் சொல்லிவிட்டான். திருவரங்குளத்தில் ரெங்கராஜ் என்று அவனுக்கு ஒரு சிநேகிதன். அவன் வீட்டில் பைக்கை நிறுத்திவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, காடு மேடாக நடந்து தேடினான். பைக் போகிற வழியிலா மாடு போகும்? அந்தப் பக்கம் சுவர் இல்லாத கிணறுகள் உண்டு. கேட்பாரற்று நிற்கிற மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நாள் ஆக ஆக இரண்டில் ஒன்று நடந்துவிடும் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ரஞ்சிதா கம்ப்யூட்டர் படித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். கல்யாண வீட்டில் யாரோ உடுத்தியிருந்த சேலையை போட்டோ எடுத்து அனுப்பினால், அதே சேலை எந்தக் கடையில் இருக்கிறது என்று லட்சம் படங்களுக்குள் தேடிச் சொல்லும் புரோகிராம் அது. சேலையைத் தேடத் தெரிந்தவளுக்குக் காளையைத் தேடத் தெரியாதா? ஜல்லிக்கட்டு முடிந்தால் காளைகள் தொலைவதும், கண்ட இடத்தில் நிற்கிற காளையை ஆட்கள் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் எங்கள் பக்கம் வழக்கம். ஒரு நாளைக்கு இருநூறு படம் வரும். யார் எடுத்தது என்று கேட்டால், எனக்கும் வந்ததுதான் என்பார்கள். படத்துக்குக் கீழே ஊர்ப் பெயரோ இடமோ மட்டும் இருக்கும். அந்தப் படங்களை எல்லாம் இழுத்து, துரையின் படத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிற படத்தின் ஊரை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும்படி இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எழுதினாள்.

துரையின் படங்களுக்குப் பஞ்சமில்லை. வசந்தகுமாரின் கூகுள் கணக்கைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அத்தனையிலும் காளைக்குப் பக்கத்தில் அவனும் நின்றான். கழுத்தைக் கட்டிக்கொண்டு, திமிலில் கை வைத்து, கொம்புக்கு நடுவே முகத்தை நுழைத்து, வேறு வேறு சட்டையில், ஒரே சிரிப்போடு. சேலை வேலையில் முதல் பாடமே ஆளை வெட்டிவிட வேண்டும் என்பதுதான். உடுத்தியிருக்கிற பெண்ணை நீக்கிச் சேலையை மட்டும் கொடுத்தால்தான் புரோகிராம் சேலையைக் கற்கும். ஆயிரக்கணக்கான பெண்களைக் கண் இமைக்காமல் வெட்டியவள்தான் ரஞ்சிதா. இப்போது கை வரவில்லை. உயிரோடு இருக்கிறவர் படத்தை வெட்டுவது ஆகாது என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள். அதுவும் வெயிலில் ஊர் ஊராக அலைகிற புருசனைப் படத்திலிருந்து வெட்டுவதா? என்ன படித்து என்ன. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே கொடுத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே புரோகிராம் ஒரு ஊரைச் சொன்னது. திருவரங்குளத்துக்குக் கிழக்கே, குளத்தங்கரைத் தெரு, தொண்ணூற்றொரு சதவீதம். ரஞ்சிதா உடனே கூப்பிட்டுச் சொன்னாள். “குளத்தங்கரையா?” என்று ஒரு தடவை கேட்டான். பிறகு, “சரி, போறேன்” என்றான். சாயங்காலம் கூப்பிட்டு, அங்கே துரை இல்லை என்றான். மறுநாள் ஒரு தோப்பைக் காட்டியது, தொண்ணூற்று மூன்று. அப்போதும், “அந்தத் தோப்பா?” என்றுவிட்டு, அதே “சரி, போறேன்.” துரை அங்கேயும் இல்லை. படம் போதவில்லை என்று நினைத்து அவள் கல்யாண ஆல்பத்திலிருந்து, மாலையும் கழுத்துமாய் அவன் துரையோடு நின்ற படங்களையும் சேர்த்தாள். புரோகிராமுக்கு நம்பிக்கை கூடிவிட்டது. நாலாம் நாள் காலை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு பம்ப்செட்டைக் காட்டி, தொண்ணூற்றுநாலு என்றது. அவனும், “பம்ப்செட்டா?” என்று கேட்டுவிட்டு, சரி என்றான். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்டதற்கு, ரெங்கராஜ் வீட்டில் இட்லி என்றான். அதோடு போன் அணைந்துவிட்டது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். ரஞ்சிதாவுக்கு எல்லா மயிலைக் காளையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதும் உண்மை. போன் அணைந்த பிறகு வேறு செய்ய ஒன்றும் தோன்றாமல், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, எதைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னாய், பச்சைக் கட்டம் போட்டுக் காட்டு என்று புரோகிராமிடம் கேட்டாள்.

முதல் படத்தில் குளத்தங்கரையில் ஒரு காளை நின்றது. பச்சைக் கட்டம் அதன்மேல் இல்லை. ஓரத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், நீலக் கட்டம் போட்ட சட்டையில், தோளில் கயிற்றோடு கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆள்மேல் இருந்தது. வசந்தகுமார். இரண்டாவது படத்தில், தோப்பில் கட்டியிருந்த காளைக்குப் பின்னால், அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். அதே சட்டை. மூன்றாவதில் பம்ப்செட் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதும் அதே சட்டை, நாலு நாள் தாடி. எங்கே மாடு நிற்கிறது என்று கேள்விப்பட்டாலும் ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறான். அங்கே யாரோ எடுத்த படத்தில் விழுந்திருக்கிறான். இவள் புரோகிராம் அவனைக் கண்டுபிடித்து, துரை அகப்பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறது. இவள் அவனை, அவன் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிய அதே இடத்துக்கு மறுபடி நடக்கவிட்டிருக்கிறாள். மூன்று தடவை.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாய்விட்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. ரெங்கராஜ் வீட்டு இட்லி தின்கிற ஆளின் கன்னமா இப்படி ஒட்டிக் கிடக்கும்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொலைந்ததை மீட்டுத் தரும் அரைக்காசு அம்மனுக்கு ஏற்கெனவே வெல்லம் நேர்ந்திருந்தாள். இப்போது இன்னொரு உருண்டை கூட்டி, படத்தில்தான் வெட்டுகிறேன் ஆத்தா, ஆளை நீ பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டாள். ஆளை நீக்கு என்பது ஒரே ஒரு வரி. எல்லாப் படத்திலிருந்தும் அவனை அழிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திமிலின் மேல் கிடந்த அவன் கை மட்டும் பல படங்களில் போகவில்லை. அதை அவளும் விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை எழுபத்தெட்டுத்தான் வந்தது. படத்தில் மாலை இல்லாமல், உடம்பெல்லாம் சேறாக, முந்திரி மரத்தடியில் தனியாக ஒரு காளை. எண்ணை நம்பாமல் இடது கொம்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு விரற்கடை உள்ளே வளைந்திருந்தது. படம் அன்று காலையில் வந்தது. கீழே புதுப்பட்டி என்று போட்டிருந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுப்பட்டி என்றால் எந்தப் புதுப்பட்டி? கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு புதுப்பட்டியில்தான் விழும். வரைபடத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துப் புதுப்பட்டிகளை ஒவ்வொன்றாக சாட்டிலைட் படத்தில் திறந்தாள். காளைக்குப் பின்னால் செம்மண் பாதையும், உருண்டையான தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. முந்திரிக்காடு, செம்மண் பாதை, தொட்டி மூன்றும் ஒரே இடத்தில் இருந்தது ஒரு புதுப்பட்டியில் மட்டும்தான்.

அவன் போன் இன்னும் அணைந்தே கிடந்தது. ஆனால் அவன் எங்கே இருப்பான் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் போகச் சொன்ன இடத்தில் இருப்பான். புளிச்சோற்றைத் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வல்லத்திராக்கோட்டைப் பம்ப்செட்டுக்குப் பின்னால் இருந்த சோளத்தட்டைக் காட்டில், வரிசை வரிசையாக நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும், எப்படி வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. “இங்கிட்டு இல்ல ரஞ்சி, நல்லாப் பாத்துட்டேன்” என்றான், ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி. சோற்றைக் கொடுத்தாள். நின்றபடியே அள்ளித் தின்றான். அவன் தின்று முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு, இன்னும் ஒரே ஒரு இடம் இருக்கிறது என்றாள். அவன் வாளியை மூடி வண்டியில் மாட்டினான். “சரி, போவோம்” என்று வண்டியில் ஏறினான்.

துரை அங்கேதான் நின்றது. பின்னங்காலில் முள் ஏறி, நகர முடியாமல், எட்டும் தூரத்துப் புல்லையெல்லாம் மேய்ந்து முடித்திருந்தது. அவன் குரலைக் கேட்டதும் காதைத் திருப்பியது. வசந்தகுமார் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, பெண்டாட்டி பார்க்கிறாளே என்ற வெட்கம் இல்லாமல் அழுதான். முள்ளைப் பிடுங்கி, அவள் கொண்டுவந்த தண்ணீரால் காலைக் கழுவினான். ரெங்கராஜ் வீட்டுக்கு வேன் வரும். அந்த வீடுவரை நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். துரை நொண்டியபடி நடக்க, அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர, ரஞ்சிதா ஸ்கூட்டியைக் காலால் தரையில் உந்தியபடி பக்கத்திலேயே ஊர்ந்தாள்.

போகிற வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டாமல் விட்டதை, பச்சைக் கட்டத்தை, புரோகிராம் மூன்று நாளும் அவனையேதான் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை. அவன் வெடித்துச் சிரித்தான். சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டு, அவள் மனதைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

“மூணு எடமும் நீங்க ஏற்கெனவே பாத்துட்டு வந்த எடந்தானே. அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

வசந்தகுமார் துரையின் முதுகில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினான்.

“நீ சும்மாவா சொல்லப்போற? நாந்தான் சரியாப் பாக்காம வந்துட்டேனோன்னு நெனச்சேன், புள்ள.”

ரஞ்சிதாவுக்கு அதற்குமேல் வண்டியை ஓட்ட முடியவில்லை. இறங்கி, தள்ளிக்கொண்டே அவன் கூட நடந்தாள்.