கொம்பனைக் கொன்றது யார்

கடலிலிருந்து வந்த பெஞ்சமின் மீன் வாடை போகக் குளித்துவிட்டு, கேம் ஆட டிவி முன்னால் உட்கார்ந்தான். இரண்டு மாதமாக அவனை மண்ணைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்த கொம்பு அரக்கனைக் கோட்டை வாசலில் காணோம். கதவு திறந்து கிடந்தது.

"ஏடி ஆன்சி, இவன யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றாள் அடுப்படியிலிருந்து. கல்யாணமாகி ஒரு வருஷமாகிறது, அவள் கன்ட்ரோலரைத் தூசி தட்டித்தான் அவன் பார்த்திருக்கிறான்.

"ஈஸில மாத்தி வச்சு அடிச்சிருப்ப" என்று சிரித்துக்கொண்டே செட்டிங்ஸைத் திறந்தான். சிரிப்பு நின்றுபோனது. அவன் நார்மலில் வைத்திருந்தது, அதைவிடக் கஷ்டமான ஹார்டுக்கு மாறியிருந்தது.

இவளாவது, ஹார்டாவது! அப்படியானால் எவனோ வந்திருக்கிறான். விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போனால் மறுநாள் காலைதான் கரை. என்றைக்கு எந்த வீட்டில் ஆம்பளை இல்லை என்பது ஊருக்கே மனப்பாடம். கேமை விற்ற செல்போன் கடை டேவிட்ராஜ் வேறு, "அண்ணே, நாளைக்குக் கடலா?" என்று கேட்டிருந்தான். அன்றைக்குச் சாதாரணமாகப் பட்ட கேள்வி இப்போது முள்ளாகக் குத்தியது.

அடுப்படி வாசலில் போய் நின்றான். "நேத்து யாரு வந்தா?"

கேள்வி எங்கே போகிறதென்று ஆன்சிக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அரக்கனை அடிக்கும் முன் சேவ் செய்து வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்தாள். அரக்கன் மறுபடி வாசலில் நின்றான்.

பெஞ்சமினாக இருந்தால் ஒரே பட்டனை உடைகிற அளவுக்கு அமுக்கிக்கொண்டு பாய்ந்திருப்பான். அவள் பாயவே இல்லை. அரக்கன் கோடாரியை ஓங்கும்வரை சும்மா நின்றாள். ஓங்கியதும் வாளால் தட்டிவிட்டாள். அவன் தடுமாறிய நொடியில் குத்தினாள். தோளைத் தூக்கினால் விலகினாள், காலை வீசினால் எகிறினாள். இப்படியெல்லாம் சண்டை இந்த கேமுக்குள் இருப்பதே பெஞ்சமினுக்குத் தெரியாது.

"நார்மல்ல ஒரே பட்டன வச்சே இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க. மத்தது எதுக்குன்னு தேடவே இல்ல" என்றாள் திரையைப் பார்த்தபடி. "ஹார்டுல வச்சதும் வழியில நிக்கிற சில்லறைப் பயலே என்னை வெட்டிப் போட்டான். பொறவுதான் ஒவ்வொண்ணா படிச்சேன்."

அரக்கன் விழுந்தான். பெஞ்சமினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எனக்கும் சொல்லிக்குடு" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"சொல்லித் தாரேன்." கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்தாள். "மொதல்ல நீங்க சொல்லுங்க. யாரு வந்ததா நெனச்சீங்க?"

பெஞ்சமின் டேவிட்ராஜ் பெயரை விழுங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த அந்த ஒரே பட்டனை அமுக்கினான். கொம்பனுக்குக் காத்திருந்த மாதிரியே, ஆன்சி அவசரப்படாமல் அவனைப் பார்த்தபடி நின்றாள்.