பீரங்கியில் இறங்கிய கூட்டம்

நோட்புர்கா செப்புச் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு மரப்பாலத்தில் ஏறியதும், இரு கரைகளிலும் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவளுடைய தேனீக்கள் கூடு பிரிந்து முன்னால் பறந்துகொண்டிருந்தன. கூட்டம் பறந்தால் சொந்தக்காரி சட்டி தட்டிக்கொண்டே பின்னால் போக வேண்டும். அப்படிப் போகிறவளை யார் நிலத்திலும் யாரும் மறிக்கக் கூடாது. டைரோல் மலைக்காரர்களுக்கு இது வேதவாக்கு. சண்டை நடக்கும் இடத்தில் அந்த வழக்கம் செல்லாது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

வெடிப்புகை ஆற்றின்மேல் பாலாடைபோலப் படர்ந்திருந்தது. ஜூன் மாத வெயில் அதற்குள் மஞ்சளாய்க் கரைந்தது. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. எதிர்க்கரையில் நெப்போலியனோடு சேர்ந்துகொண்ட பவேரியப் படை. ஊரில் இத்தனை மரம் இருக்க, கூட்டம் அவர்களுடைய ஒரே பீரங்கியின் பின்புறம், நெருப்பு வைக்கும் துளையை மூடி அப்பிக்கொண்டது. சிப்பாய்கள் தலைதெறிக்க ஓடினார்கள். பீரங்கிக்காரன் கொர்பீனியன் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"வாங்கக்கா. எங்க ஊர்லயும் இதான் வழக்கம். சட்டுனு எடுத்துட்டுப் போங்க, கேப்டன் கொதிக்கிறாரு."

அவள் முதுகிலிருந்த வைக்கோல் கூடையை வாங்கி, அவனே கூட்டத்தின்மேல் கவிழ்த்துப் பிடித்தான்.

"எதைச் சுடப் போறீங்க, தம்பி?"

அவன் மோவாயால் காட்டினான். அவள் வந்த கரைக்கு மேலே, மொட்டைப் புல்வெளி நடுவில் ஒரு கொட்டகை. காலையில் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கட்டிக்கொடுத்துக் கணவன் ரூப்பர்ட்டை அவள் அங்கேதான் அனுப்பியிருந்தாள்.

"என் வீட்டுக்காரரு அதுக்குள்ளதான் இருக்காரு."

கொர்பீனியன் மலையுச்சியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அங்கே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. அது கொட்டகையை மூடிவிட்டால் பீரங்கிக்குக் குறி கிடையாது. உள்ளே பதுங்கியிருக்கும் ஊர்க்காரர்கள் காட்டுக்குள் நழுவிவிடுவார்கள். ஆனால் அது ஆடி அசைந்துதான் வந்தது. தேனீக்கள் மெதுவாக ஏறட்டும் என்று வாழ்நாளில் முதல்முறையாக அவள் வேண்டிக்கொண்டாள்.

"இன்னும் என்னடா?" கேப்டன் தூரத்திலேயே நின்று கத்தினார். "ஒரு பூச்சிக்குப் பயந்து பட்டாளமே நிக்குது!"

"ராணி இன்னும் ஏறலீங்க, ஐயா. அது ஏறாம மத்ததுக அசையாது."

நோட்புர்காவின் கை ஒரு கணம் நின்றது. நீண்ட உடலும் குட்டைச் சிறகுமாக ராணி கூடையின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனதை அவள் அப்போதுதான் பார்த்திருந்தாள். அது அவன் கட்டைவிரலை உரசிக்கொண்டு போயிருந்தது.

"தட்டுங்கக்கா," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "நிறுத்தாதீங்க."

அவள் தட்டினாள். தேனீக்கள் சாரிசாரியாகக் கூடைக்குள் ஏறின. அவை விட்டுப்போன இடமெல்லாம் பீரங்கியின் வெண்கலம் பளபளத்தது. மேலே கடைசிப் பைன் மரம் பனியில் மறைந்தது. கொட்டகையின் கதவு இன்னும் தெரிந்தது.