குழந்தைசாமி கேட்ட இசைத்தட்டு

பொன்னம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் மூத்த மகனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக அவன் தங்கியிருந்த ஓட்டு அறைக்குள் போய், "பொட்டி எங்கடா?" என்றாள். ராசிபுரத்திலிருந்து விடிகாலையில் கிளம்பியவள். மலை வளைவுகளில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்திருந்தாள். கழுவிய சேலைத் தலைப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

அந்த மகன் அர்த்தனாரி, மலைமேல் செம்மேடு என்ற ஊருக்கு அப்பால் பாக்ஸைட் தாது தேடும் முகாமில் வேலை பார்த்தான். சிகாகோவில் படிக்கப் போய் அங்கேயே இறந்துபோன தம்பி குழந்தைசாமியின் தகரப்பெட்டி மழைக்கு முன்பே வந்துவிட்டது. உடன் படித்த கோயமுத்தூர்க்காரர் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார். அதை அம்மாவின் கண்ணில் காட்டாமல் மலைக்கு ஏற்றிவிட்டான். யார் சொன்னார்களோ, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து, கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். யாரோ நல்லெண்ணத்தில் துவைத்து அனுப்பியிருந்தார்கள். சோப்பு வாசனைதான் வந்தது. உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். பார்க்காத சாவுக்கு எப்படி அழுவதென்று தெரியாமல் இத்தனை நாள் வறண்ட கண்ணோடு இருந்தவள், அந்தச் சட்டைகளை மடித்து வைத்துவிட்டு அடியிலிருந்த இசைத்தட்டை எடுத்தாள். உறையில் கறுப்பு வானம். வளையத்தோடு ஒரு கோள். அதன்மேல் பளபளக்கும் அங்கி போட்ட ஆட்கள் நாயனம் மாதிரி எதையோ பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இதென்ன கண்ணு?"

"சனி கிரகம்ங்கம்மா. வானத்துல அங்கெல்லாம் போற மாதிரி வாசிச்சிருக்காங்க. ஜாஸ்னு சொல்றது. இது அதுலயும் ஒரு தினுசு. ராகம் தாளம் ஒண்ணும் கெடையாது."

"எம்புள்ள இதையா கேட்டான்?"

"வாராவாரம் போய் நேர்லயே கேப்பானாம். உங்களால கேக்க முடியாதுங்கம்மா. எனக்கே ஒண்ணும் புரியல."

"அவன் கேட்டானல்ல? போடு."

பேட்டரியில் ஓடும் சின்ன ரிக்கார்டுப் பெட்டி ஒன்றும் அறையில் இருந்தது, அதுவும் தம்பியுடையதுதான். அர்த்தனாரி முள்ளை வைத்தான். முரசு முழங்கியது. பரணிலிருந்து பாத்திரமெல்லாம் சரிந்ததுபோலப் பியானோ. ஊர் நாயனக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சீவாளியை ஊதிப் பார்ப்பதுபோல ஒரு பெருங்கூச்சல். முகாமுக்குச் சமைக்கும் மலைக்காரப் பெண் சென்னம்மாள் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, பொட்டி கெட்டுப் போச்சுங்களா?"

இல்லையென்று அர்த்தனாரி தலையாட்டினான். தம்பியின் குரலோ சாயலோ எங்காவது தட்டுப்படுமா என்று அவனும் பல ஞாயிறுகள் போட்டுப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிடுவான். இந்த முறை அம்மா நிறுத்தச் சொல்லவில்லை. உறையை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாத ஊரின் பேச்சைக் கேட்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று எல்லாம் அடங்கி ஒரே ஒரு சாக்ஸபோன் மிஞ்சியது. அதிலும் இசை என்று எதுவுமில்லை. ஊதுகிறவனின் மூச்சுதான் கேட்டது. உள்ளே இழுத்து, தொண்டையில் மாட்டி, கீச்சென்ற விசிலோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

பொன்னம்மாளின் முதுகு நிமிர்ந்தது. அவள் கை தானாக நீண்டு பாடும் பெட்டியின் பக்கவாட்டை மேலிருந்து கீழாகத் தடவத் தொடங்கியது.

"இளைப்பு," என்றாள்.

சின்ன வயதில் மார்கழி பிறந்தால் குழந்தைசாமிக்கு மூச்சு இழுக்கும் இளைப்பு வந்துவிடும். படுக்க முடியாது. தோளில் சாய்த்து, விடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். வளர வளர அது நின்றுபோனது. வீட்டில் எல்லோரும் மறந்தும் போனார்கள்.

"கார்ல அடிபட்டான்னு சொன்னியே கண்ணு."

அர்த்தனாரி சுழலும் தட்டையே பார்த்தான்.

"இதுதான?"

கோயமுத்தூர்க்காரர் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார். கடும் பனிக்காலம். தனி அறை. தட்டு முடிந்தும் பெட்டி கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்ததால்தான் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். குழந்தைசாமி மேசைமேல் நெஞ்சைச் சாய்த்து உட்கார்ந்தபடியே போயிருந்தான். அதை எப்படி அம்மாவிடம் சொல்வது? கார் மோதியது, கண நேரத்தில் உயிர் போய்விட்டது, கஷ்டமே படவில்லை என்று அர்த்தனாரி சொல்லியிருந்தான்.

"ஆமாங்கம்மா."

"பக்கத்துல ஆரு இருந்தா?"

"ஆருமில்லீங்க." அவள் மடியிலிருந்த உறையைக் காட்டி, "இந்த ரிக்கார்டுதான் ஓடிட்டு இருந்துச்சுங்களாம்," என்றான்.

பொன்னம்மாள் தலையசைத்தாள். கை நிற்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. சென்னம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பேட்டரி தீரத் தொடங்கியது. தட்டு சுற்றுவது தளர்ந்தது. புதிய பேட்டரிக்கட்டைகளை எடுத்துவர அர்த்தனாரி எழுந்தான். அவன் திரும்புவதற்குள் சாக்ஸபோனின் விசில் கனத்துக் கீழே இறங்கியிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. தொண்டையில் மாட்டியிருந்த ஏதோ ஒன்று இளகிவிட்டதுபோல, ஒலி ஆழமாகவும் நிதானமாகவும் வந்தது. பொன்னம்மாளின் கையும் அதோடு சேர்ந்து மெதுவானது.

அர்த்தனாரியின் காலடி கேட்டதும் அவள் திரும்பாமலே மறுகையைத் தூக்கினாள்.

"சத்தம் போடாத. இப்பத்தான் கண்ணசர்றான்."

அவன் பேட்டரிகளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். வெளியே மரவள்ளிக் காட்டைத் தாண்டி மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. சென்னம்மாள் எழுந்துபோய், கீல் முனகாதபடி ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.