மார்ஜின் க்ளோஸ்

என் கொழுந்தனார் கிருபாநிதிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய பெருமை. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த சமயம் அது. அவர் அங்கே கப்பல் கம்பெனி கிளார்க். அந்த இங்கிலீஷ்தான் ஒருநாள் என் உயிரைப் பாதி எடுத்தது.

என் வீட்டுக்காரர் பொன்னுதுரைக்கு நாக்கில் புற்று. வெற்றிலை, புகையிலை என்று வாயை ஓயவிடாத மனுஷர். டாக்டர் எபனேசர் நாக்கின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, வெட்டின ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அந்தச் சதையை வெளியூருக்கு அனுப்பியிருந்தார். மிச்சம் இருந்தால் மறுபடி கத்தி, இந்த முறை தாடையோடு. அதை நினைத்து நான் ஜெபம் பண்ணாத நேரமில்லை.

ரிசல்ட் வந்தபோது இவருக்கு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அதனால் கேட்டுவரக் கிருபாநிதி போனார். திரும்பி வந்தவர் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மைனி, டாக்டரு நர்சம்மாகிட்ட சொல்லுதாரு, மார்ஜின் க்ளோஸாம்."

"அப்படின்னா?"

"ஹார்பர்ல ஆளு செத்துட்டா வேற என்ன சொல்லுதோம்? க்ளோஸ்னுதான?" என்று தேம்பினார்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. டம்ளரை வைத்துவிட்டு நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

"முடிஞ்சுதுன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க டாக்டர். நர்சம்மாகிட்ட என்ன பேச்சு?"

திகைத்த டாக்டர், கொழுந்தனார் வந்து சொன்னதை நான் சொன்னதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏம்மா, மார்ஜின்னா வெட்டுன ஓரம், இந்த க்ளோஸ்னா கிட்டத்துலன்னு அர்த்தம். புத்து ஓரத்துக்குக் கிட்ட வரைக்கும் வந்திருக்கு, ஓரத்துல இல்ல. சுத்தி நல்ல சதைதான். ஒரு பக்கம் மட்டும் அந்த நல்ல சதை ரொம்ப மெலிசா இருக்கு. அதனால மதுரைக்குப் போயி கரண்டு, அதான் கதிர் சிகிச்சை, வச்சுக்கிடணும்."

"மறுபடி வெட்ட வேண்டாமா?"

"வேண்டாம்."

"திரும்ப வராதே?"

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யுது. மாசாமாசம் கூட்டிட்டு வா, வந்தாலும் ஆரம்பத்துலயே புடிச்சிரலாம். புகையிலையக் கண்ணுலயும் காட்டாத."

முழுப் பயத்தோடு போனவளுக்குக் கொஞ்சம் பயம் எவ்வளவோ தேவலை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வார்டுக்கு ஓடினேன்.

இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தம்பி சொன்னது காதில் விழுந்திருக்கிறது. நாக்குக்குத்தானே நோவு, காதுக்கு என்ன? கட்டிலில் நான் உட்காரும் இடத்தில் அவருடைய கல்யாண மோதிரம் கழற்றி வைத்திருந்தது.

"அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீக?" என்றேன். "ஓரத்துல ஒண்ணும் இல்லியாம், இனி வெட்டவும் வேண்டாமாம். உங்க தம்பி இங்கிலீஷ நம்பி மோதிரத்தக் கழத்துதீகளே!"

திரும்பினார். கண் நிறையத் தண்ணீர். விரலை நீட்டினார். போட்டுவிட்டேன், மெலிந்த விரலில் மோதிரம் நிற்காமல் சுழன்றது.

"இருக்கட்டும், சதை போடும்" என்றேன்.

விழுந்துவிடாமல் விரலை மடக்கிக்கொண்டார்.