டிவியில் நான் சொன்ன கருத்து

எனக்கு வாய் நீளம். கல்யாணமாகி இந்தத் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைனுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்வதுதான். தவளை தன் வாயால் கெடும் என்று என் வீட்டுக்காரர் முனியப்பன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தவளையாவது வாயைத் திறக்கிறது, நீ ஊமைக் கோட்டான் என்று நானும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் லைனில் ஈ காக்கை வெளியே இருக்காது. எல்லாம் அந்தப் போலீஸ் தொடர் செய்த வேலை. லஞ்சம் வாங்குகிற இன்ஸ்பெக்டர் ஒருவன், அவனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒரு ஊர். மெட்ராஸில் யாரோ எழுதிய கதைதான். ஆனால் எங்கள் ஸ்டேஷனுக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய் வைத்தது போல இருக்கும். அவன் லத்தியைக் கையில் எடுத்தால் போதும், சுரங்கத்துக்குள் பயமில்லாமல் இறங்குகிற ஆம்பளைகள் எல்லாம் கப்சிப்.

கேபிள் டிவி நடத்துகிற ரிச்சர்டுக்கு இதில் ஒரு யோசனை வந்தது. கல்யாண வீடு எடுக்கிற வீடியோ கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தான். தொடரைப் பற்றி ஜனங்கள் பேசுவதை எடுத்து, செவ்வாய்க்கிழமை தொடர் முடிந்ததும் தன் லோக்கல் சேனலில் போடுவானாம். நேயர் கருத்தாம்.

முதலில் என் பக்கத்து வீட்டு சரோஜம்மாவைக் கேட்டான். "எனக்கு இன்னா தெரியும் ரிச்சர்டு? நாடகம் நல்லாத்தான் கீது," என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் அவர் மகன் வாசு, மைனிலிருந்து கல் திருடினான் என்று ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். தங்கம் ஓடுகிற கல் ஒரு துண்டு வெளியே வந்தாலும் இங்கே கேஸ்தான். ஆனால் வாசு அந்த வாரம் ஷிப்டுக்கே போகவில்லை, காய்ச்சலில் கிடந்தான். சரோஜம்மா கழுத்தில் காதில் இருந்ததைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துத்தான் அவனை மீட்டு வந்தார். வந்தவனுக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. இன்றைக்கும் அவர்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறார்.

"இங்க வாடா, நான் சொல்றேன்," என்று ரிச்சர்டை என் வீட்டுக்குள் கூப்பிட்டேன். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டேன். படம் லட்சணமாக விழ வேண்டுமே என்று சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"நாடகத்துல வர்ற இன்ஸ்பெக்டராவது வாங்கினா வுட்டுடறான். எங்க ஊர்ல கீறவரு வாங்கிகினும் அடிக்கிறாரு. நம்பலன்னா எங்க லைன் வாசு கையப் பாருங்க!"

வாசலில் நின்றிருந்த கூட்டம் கைதட்டியது. சரோஜம்மா உள்ளே வந்து என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கித் திருஷ்டி கழித்தார். அழுதுகொண்டே சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போகும்போது ஸ்டேஷன் ஜீப் என்னை உரசுவது போலத் தாண்டிப் போனது. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வாங்க வந்ததை வாங்காமல் நேரே ரிச்சர்டிடம் ஓடினேன்.

"நான் பேசினத எடுத்துடுடா, உனக்குப் புண்ணியமா போவும்."

"வெட்டி ஒட்டற மிஷின் என்கிட்ட ஏதுக்கா? எடுத்தது எடுத்தபடிதான் ஓடும். லைன் மொத்தமும் அந்த கேசட்டுலதான் கீது. சும்மா தமாசுக்கா, பயப்படாதீங்க."

செவ்வாய்க்கிழமை கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை. முனியப்பன் ஷிப்ட் முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் மூச்சு விடவில்லை. தொடர் முடிந்தது. திரையில் என் முகம் வந்தது. இன்ஸ்பெக்டரைப் பற்றிப் பேசியதற்குக் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ என் பேச்சைக் கேட்கவே இல்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அடிப்பாவி. உன் தலைக்குப் பின்னாடி பாரு."

பின்னால் முனீஸ்வரன் படம். படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்த கல்.

முனியப்பனின் தாத்தா முதன்முதலில் கேஜ் என்கிற சுரங்க லிப்டில் இறங்கிய காலத்தில் உள்ளேயிருந்து கொண்டுவந்த கல் அது. எங்கள் லைனில் பாதி வீடுகளில் இப்படி ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வெட்டிக் கும்பிடுவோம். எங்களுக்கு அது சாமி. சாமிக்கு முன்னால் நிற்கிறோம் என்றுதான் எனக்குப் பட்டதே தவிர, அது கல் என்றே தோன்றவில்லை. போலீசுக்கு அது தங்கக் கல். கேஸ் போட்டால் வேலை போகும், கம்பெனி வீடு போகும். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்து வீட்டில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனியப்பன் கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சுரங்கக் கழிவைக் கொட்டுகிற சயனைட் மண்மேட்டுப் பக்கம் போனார். வெறும் துண்டோடு திரும்பி வந்தார். "சாமிய தூக்கிப் போட்டுட்டேன்டி," என்று சொன்னார். அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு கான்ஸ்டபிள் தங்கவேலு வந்தார். பின்னாலேயே கேமராவோடு ரிச்சர்ட். அவன் உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"கல்லு எங்கம்மா?"

"இன்னா கல்லுங்க?"

தங்கவேலு மாடத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இங்க இல்லன்னா இன்னா, கேசட்டுல கீது. கேசட்டு ஐயா மேசை மேல கீது. உன் வூட்டுக்காரரு எந்த ஷிப்டு இப்போ?"

முனியப்பனின் கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மடங்காத விரல்களோடு வந்தது.

"பயப்படாதம்மா. ஐயாவுக்கும் நேயர் கருத்து புடிக்கும். இன்னொரு தபா, நல்லதா சொல்லச் சொன்னாரு. அந்தப் பையன் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லு."

அதே மாடத்துக்கு முன்னால் நின்றேன். "எங்க இன்ஸ்பெக்டரு ரொம்ப நல்லவரு. நாடகத்துல வர்ற மாதிரி இங்க ஒண்ணும் கிடையாது. வாசு... வாசு குடிச்சிட்டு விழுந்து கைய ஒடைச்சிகினான். நான் தெரியாம பேசிட்டேன்."

எனக்கும் சரோஜம்மாவுக்கும் நடுவில் இருப்பது வெறும் தட்டிச் சுவர். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

"மொகம் செத்த மாதிரி கீது," என்றார் தங்கவேலு. "சிரிச்சிகினே சொல்லு."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு டிவியைப் போடவில்லை. ஆனாலும் லைனில் இருக்கிற எல்லா வீட்டிலிருந்தும் என் குரல் கேட்டது. கேஸ் எதுவும் வரவில்லை. முனியப்பன் வேலைக்குப் போனார், முழுசாகத் திரும்பி வந்தார். நான் கேட்டது அதுதானே, கிடைத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் குழாயில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். தொடரில் அந்த இன்ஸ்பெக்டருக்கு வேலை போகுமா போகாதா என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது. நான் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவள் தன் குடத்தை ஓரமாக நகர்த்திக்கொண்டாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் நகர்த்தினாள். தினமும் என்னோடு குடத்துக்குக் குடம் சண்டை போடுகிறவர்கள்தான். குழாய் வரைக்கும் எனக்கு வழி திறந்தது.

குழாயடியில் சரோஜம்மா நின்றிருந்தார். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், என் தலைமயிரைப் பிடித்து ஆட்டட்டும் என்று அவரை நோக்கி நடந்தேன். அப்படி ஏதாவது செய்துவிட்டால் அவர் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தது. அவரோ பாதி நிரம்பிய குடத்தை அவசரமாக இழுத்து நகர்த்தினார்.

"நீங்க புடிச்சிக்கோங்கம்மா," என்றார்.

இத்தனை வருஷம் என்னை வாடி போடி என்று கூப்பிட்டவர் அவர். ஸ்டேஷன் ஜீப்புக்கு ஒதுங்குவது போல எனக்கு ஒதுங்கி நின்றார்.