திருப்பத்தில் நிற்கும் வண்டி

பெரிய சாலையில் புது மின்சார மினி பஸ் ஓடத் தொடங்கியதும் அங்கே கார் நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். நிறுத்தினால் கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போனது. அதனால் டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்குள் அத்தனை கார்களும் புகுந்தன. கைகலப்புவரை போன பிறகு, குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு ஓர் இடம் என்று கோடு போட்டுக் கொடுத்தது.

அபூர்வாவும் நரேனும் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது சந்து வளையும் திருப்பத்தில், போகன்வில்லா படர்ந்த சுவரை ஒட்டிய இடம். அகலமான, நிழலான இடம். ஒரு ஸ்கூட்டருக்காக மல்லுக்கு நிற்கிற அந்தச் சந்தில், இவ்வளவு நாளும் அந்த இடம் எப்படிக் காலியாகவே கிடந்தது என்பதுதான் அபூர்வாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது.

"மன்னிச்சுக்கோங்கோம்மா. திருப்பத்துல நிக்கறது உங்காத்து வண்டியா?" வயதான பெண்ணின் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுத்தது. "சித்த நகத்திக்கறேளா? ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல."

அபூர்வா சாவியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். சந்தில் ஆம்புலன்ஸ் இல்லை. வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது. கேட்டில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம், "பையா, ஆம்புலன்ஸ் ஆயா க்யா?" என்று, அது வந்ததா என இந்தியில் கேட்டாள். அவன் அவளைப் பார்க்காமல், "நஹீ மேடம்ஜி" என்றான். எதற்குக் கேட்கிறாய் என்று அவன் கேட்காதது அவளுக்கு உறுத்தியது.

அடுத்த நாள் நரேன் எடுத்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் அரைகுறை. ரிசீவரை வைத்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது.

"யாரோ ஆன்ட்டி. காடி... வண்டியை நகத்தச் சொன்னாங்க. நான் தமிழ்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், அபூ?"

அதன்பிறகு கார் அங்கே நின்ற எல்லா மத்தியானங்களிலும் மணி அடித்தது. காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போன நாட்களில் அடிக்கவில்லை. அபூர்வா கீழ் வீட்டு வத்சலாவிடம் போய்க் கேட்டாள். வத்சலா முதலில் கதவைச் சாத்தினாள், பிறகுதான் பேசினாள்.

"உங்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்காதீங்கோன்னு நான் மீட்டிங்லயே சொன்னேன். புதுசா வந்தவாளுக்குத் தெரியாதுன்னு தள்ளி விட்டுட்டா. உங்களுக்கு மேல் வீட்டு ராஜகோபால் சாரோட ஆத்துக்காரி, சாந்தகுமாரி. அவ குரல்தான் அது. மூணு வருஷத்துக்கு முன்னாடி மூச்சுத் திணறி, தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா. அவர் பேங்குக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வந்துது, அந்தத் திருப்பத்துல ஒரு கார் நின்னுது, வளைக்க முடியல. அவளே ஒவ்வொரு வீடா இன்டர்காம்ல கூப்பிட்டுக் கேட்டா. கார்க்காரன் ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு சாப்ட்டுண்டிருந்தான். அதுக்குள்ள அவ உயிர் போயிடுத்து. அப்புறம் அவனும் வீட்டைக் காலி பண்ணிண்டு போயிட்டான்."

"உங்களையும் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா." வத்சலா முந்தானையை விரலில் சுற்றினாள். "எங்காத்து வண்டி இல்லைன்னு வெச்சுட்டேன். அப்புறம் அங்க யார் வண்டியை விட்டாலும் அவா வீட்டுல மணி அடிக்கும். இதே சந்துல இருக்கற கன்னாவுக்குப் பஞ்சாபில கேட்டுதாம். சாந்தகுமாரிக்குப் பஞ்சாபி தெரியவே தெரியாது. ராஜகோபால் சார்கிட்ட மட்டும் யாரும் சொல்லலை. நீயும் சொல்லிடாதே."

ஆனால் அவர் தானாகவே வந்தார். சங்கத்தில் யாரோ வாய்தவறி உளறியிருக்க வேண்டும். மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர், கார் ஓட்டவே தெரியாதவர், இஸ்திரி போட்ட சட்டையோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்து அபூர்வாவையே பார்த்தார்.

"குரல் எப்படிம்மா இருந்தது?"

"மரியாதையா பேசினாங்க அங்கிள்."

"பேசுவா. எனக்கு ஒரு தடவை கேக்கணும். எங்காத்து இன்டர்காம்ல வரதே இல்லை. என்கிட்டதான் வண்டி கிடையாதே."

மறுக்க முடியவில்லை. அன்று மத்தியானம் மணி அடித்தபோது அபூர்வா ரிசீவரை எடுக்காமல் அவரிடம் கை காட்டினாள். அவர் இரு கைகளாலும் அதைப் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சாந்தா, நான்தான். ராஜு."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "சரிம்மா. நகத்தறேன்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டுச் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு அது.

"என்னைத் தெரியலை. சார், சார்ங்கறா. நாப்பது வருஷத்துல ஒரு தடவை என்னை சார்னு கூப்பிட்டதில்லை."

மறுநாள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்து இடத்தை மாற்றிக்கொண்டார். அவர் வீட்டுக்கு ஒதுக்கி, வெறுமனே கிடந்த இடம் அபூர்வாவுக்கு; திருப்பம் அவருக்கு. அபூர்வாவும் நரேனும் அதிகம் யோசிக்கவில்லை. விட்டது தொல்லை என்றுதான் நினைத்தார்கள். அந்த வாரமே எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் கார். சாலையில் ஓட்டவும் கூடாது, பொது இடத்தில் நிறுத்தவும் கூடாது என்று சட்டம் சொன்ன வண்டி. ராஜகோபால் பக்கத்தில் நின்று, அதைச் சுவரோடு சுவராக நிறுத்தச் சொல்லிவிட்டு மாடியேறினார்.

நவம்பர் வந்தது. வானம் சாம்பலாகி, பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று. காற்று கெட்டுவிட்டதால் ஆபீசில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். அபூர்வா சமையலறையை ஒட்டிய மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். மத்தியானமானால் மேல் வீட்டில் இன்டர்காம் அடிப்பது காற்றுப்போக்கி வழியாகக் கேட்டது. அதைத் தொடர்ந்து அவர் குரல்.

"என்னோட வண்டிதான்மா... இதோ வரேன்... ரெண்டு நிமிஷம்... நீங்க எந்த ஊர்?"

அபூர்வாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன.

"அப்படியா... குழந்தைகள் உண்டா?... இதோ, சாவியைத் தேடிண்டிருக்கேன். வெச்சுடாதீங்கோ."

தினமும் அது நீண்டுகொண்டே போனது. ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மாடியேறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. ராஜகோபால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்.

"இன்னிக்குப் பொண்ணு பேரைச் சொன்னாம்மா."

பொத்திய கைக்கு அப்பால், ரிசீவரின் இன்னொரு முனையிலிருந்து, கூடம் முழுக்க அந்த மூச்சு கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பது போல இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

"அங்கிள், அவங்களால மூச்சு விட முடியலை."

"தெரியறது."

"அப்ப வண்டியை நகத்துங்க. ஆளை வெச்சுத் தள்ளியாவது நகத்துங்க."

"நகத்திட்டா வெச்சுடுவாளேம்மா" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு ரிசீவரில் குனிந்தார். "சொல்லுங்கோ. கேட்டுண்டுதான் இருக்கேன்."

அன்றிரவு நரேனிடம் அவள் சொன்னபோது, நமக்கு எதுக்கு இந்த வம்பு என்றான். அவளுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. மேலே நடப்பது தனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. காலையில் ஆயுள் முடிந்த வண்டிகளைப் பற்றிப் புகார் சொல்லும் எண்ணைக் கூப்பிட்டு, சந்தின் அடையாளத்தைச் சொன்னாள். பெயர் கேட்டார்கள். கொடுத்தாள்.

இரண்டொரு நாளில், சரியாக மத்தியானத்தில், கிரேன் வந்தது. புகைமூட்டத்தில் அதன் மஞ்சள் விளக்குதான் முதலில் தெரிந்தது. பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். வண்டியை எடுக்க ஒருவர் வந்தால் பத்துப் பேர் பேசுகிற சந்தில் அன்று யாரும் வாய் திறக்கவில்லை. கொக்கி மாட்டி, வெள்ளைக் கார் முன்சக்கரம் தூக்கி நகர்ந்தபோது மேல் வீட்டில் இன்டர்காம் ஒருமுறை அடித்து நின்றது.

கிரேன் போன பிறகு அபூர்வா கீழே இறங்கினாள். ராஜகோபாலும் வந்தார்.

"நீங்கதானேம்மா போன் பண்ணினது?"

"ஆமா அங்கிள்."

அவர் தலையசைத்தார். அதில் கோபம் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "தேங்க்ஸ் சார், வழி கிடைச்சுடுத்துன்னா. அவ்வளவுதான். என்னை யாருன்னு கடைசி வரைக்கும் கேக்கவே இல்லை."

இருவரும் திருப்பத்தில் நின்றார்கள். சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் போகன்வில்லாக் கிளைகள் சுவர் நெடுக வரிசையாக வளைந்து, விடுபட்டு, திரும்ப வளைந்தன. உயரமான எதுவோ உரசிக்கொண்டு உள்ளே போவது போல. முழங்காலில் எஞ்சின் சூடு பட்டது. ராஜகோபால் அபூர்வாவின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். வழி விட்டு, இருவரும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

அது திரும்பிப் போனதை அவர்கள் பார்க்கவில்லை. பார்க்க நிற்கவும் இல்லை.

மாத முடிவில் சங்கம் அந்த இடத்தைக் குலுக்கலில் கன்னா வீட்டுக்குக் கொடுத்தது. கன்னா தன் பெரிய காரை அங்கே விட்டு, ஒரு வாரம் மத்தியானங்களில் இன்டர்காம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். மணி அடிக்கவில்லை. வத்சலா பெருமூச்சு விட்டு, இனி நிம்மதி என்றாள். ராஜகோபால் மட்டும் அந்தக் காருக்கு எதிரில் போய் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், அதைச் சித்த நகத்தச் சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் பூனாவிலிருந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகும்வரை.