லிஸ்பனில் நிழல் வழி

முனீர் லிஸ்பனில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியும் அவன் அம்மா கமர்ஜஹான் அங்கே போகவில்லை. "நீ ஆபீஸுக்குப் போயிருவ. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். இந்த வருடம் அவன் வேறு மாதிரி கேட்டான்.

"கௌசல்யாம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேந்து சுத்துங்க."

அதற்கு அவளிடம் மறுப்பு இல்லை.

கௌசல்யாவும் கமரும் எண்பதுகளில் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இங்குள்ள பூட்டுக் கடைகளை பம்பாயோடும், மண்டிக்காரர்களை மெட்ராஸோடும் பேச வைத்தவர்கள். வெளியூருக்கு நேரடியாகவே எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. வந்து போர்டைக் கழற்றியதும் பில் கவுண்டருக்கு மாற்றினார்கள். அங்கும் சேர்ந்தே இருந்து, சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள்.

டிக்கெட் போட்ட பிறகு தினமும் சாயங்காலம் கமர் கௌசல்யா வீட்டுக்கு வந்துவிடுவாள். முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் லிஸ்பன் தெருக்களைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று முனீர் அனுப்பியதில் கோட்டை, கோபுரம், மாதா கோயில் எல்லாம் இருந்தன.

"கோட்டையா?" என்றாள் கௌசல்யா. "இங்க இருக்கிற மலைக்கோட்டையிலயே நான் ஏறி பல வருசமாச்சு. அங்க போயி முட்டி வலிக்க ஏறணுமாக்கும்."

"அப்ப எங்கதான் போறது?"

கௌசல்யா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தெருவின் இருபுறமும் மரங்கள். அவற்றின் நிழல் நடைபாதையில் விழுந்திருந்தது.

"டூட்டி முடிஞ்சு நாம எப்படிடி வீட்டுக்குப் போவோம்?"

கமருக்கு உடனே புரிந்தது. காலை டூட்டி முடிகிற நேரம் உச்சி வெயில் கொளுத்தும். பஸ்ஸில் போனால் சீக்கிரம் வீடு வந்துவிடும் என்பதாலேயே அவர்கள் பஸ்ஸில் போகமாட்டார்கள். திருச்சி சாலையில் அப்போது வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. ஒரு மரத்தின் நிழலில் நின்று பேசுவார்கள். பேச்சு ஒரு இடத்தில் ஓயும்போது, வெயிலை வேகமாகக் கடந்து அடுத்த மரத்துக்குப் போவார்கள். கமருக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைப் பேசியது ஒரு மரத்தடியில். முதல் குழந்தை தங்காமல் போனதைக் கௌசல்யா தன் அம்மாவிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. சாலை வளைவில் நின்ற ஒரு மரத்தடியில் கமரிடம்தான் சொன்னாள். சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரங்களெல்லாம் போய்விட்டன. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எந்த மரம் எங்கே நின்றது என்று இருவருக்குமே இப்போது குழப்பம்தான்.

"நிழல் எங்க இருக்கோ அந்த வழியா ஊரைக் கடக்கணும். அம்புட்டுத்தான்" என்றாள் கௌசல்யா. "வேற எதையும் பாக்க வேணாம்."

கௌசல்யாவின் கணவர் மதியழகன் பேப்பரை மடித்தார். "மரம் பாக்கவா அம்புட்டுத் தூரம் போறீங்க? பக்கத்துல இருக்கிற சிறுமலைக்குப் போனா ஆகாதா?"

"நீங்க சிறுமலைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்று கமர் கேட்டாள். அவர் மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

வழியைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது. முனீர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்ட்ரெலா தோட்டத்தில் கிளம்புவது. மரங்கள் உள்ள பெரிய சாலை வழியாக மேலே போய் பிரின்சிபி ரியால் என்ற பூங்காவில் உட்காருவது. அங்கே ஒரு பழைய மரம் பந்தல் மாதிரி படர்ந்து கிடந்தது. கிளைகளுக்கு இரும்புக் கம்பியால் முட்டுக் கொடுத்து, அடியில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். கடைசியாக கார்மோ என்கிற சதுக்கம். ஜூன் தொடக்கத்தில் அங்கே ஜகரண்டா பூத்திருக்கும் என்று முனீர் சொன்னான். கொடைக்கானல் போகும்போது ஊதாவாகப் பூத்து நிற்குமே, அதே மரம்.

கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது, பூ மார்க்கெட்டின் ஈரத்தரையில் கௌசல்யா வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள்.

"நானும் போகல" என்றாள் கமர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு.

"மூணு வருசமா அந்தப் பய கூப்பிடுறான். போ."

"வழி எனக்கு எங்க தெரியும்? நீதான பாத்துப் பாத்து வச்ச."

"நான் லைன்ல இருக்கேன்" என்றாள் கௌசல்யா.

அப்படித்தான் அது நடந்தது. லிஸ்பனில் காலை வெயில் ஏறும் நேரம், திண்டுக்கல்லில் மத்தியானச் சாப்பாட்டு வேளை. கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் நீட்டி, மடியில் லேப்டாப்போடு, காதில் இயர்போனோடு கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். கமர் போனைத் தூக்கிப் பிடித்தபடி எஸ்ட்ரெலா தோட்டத்தை விட்டு வெளியே வந்தாள். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள்.

"கல்லு வழுக்கும்னு முனீர் சொன்னான். பாத்து நட. நீயும் விழுந்து வைக்காத."

"வாய மூடு. நல்ல வார்த்தை சொல்லு."

கொஞ்ச தூரம் போனதும் கமர் நின்றுவிட்டாள். அவர்கள் தேர்ந்தெடுத்த நடைபாதையைத் தகரத்தால் அடைத்து ஏதோ கட்டட வேலை நடந்தது. ஆட்கள் அவளை உரசாமல் விலகிப் போனார்கள். ஒருவர் ஏதோ சொல்லிவிட்டுக் கையைக் காட்டினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கௌசி, நான் திரும்பிர்றேன்."

கௌசல்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்துப் பேசியபோது, கட்டிலில் படுத்துப் புலம்பிக்கொண்டிருந்தவளின் குரலாக அது இல்லை. எத்தனையோ வருடம் போர்டின் முன்னால் உட்கார்ந்து, பதறுகிறவர்களையெல்லாம் அமர்த்திய குரல்.

"லைன்லயே இரு. போன வலது பக்கம் திருப்பு. மெதுவா. என்ன தெரியுது?"

"ஒரு மருந்துக் கடை. பச்சை சிலுவை போட்டிருக்கு."

"அதுக்கு அங்கிட்டு?"

"சின்னத் தெரு. மேடா போகுது. மரம் இல்ல, ஆனா சுவரு நிழல் விழுது."

"அது போதும். சுவர ஒட்டி நட. மேல ஏறுனா பெரிய ரோடு வந்துரும். மூச்சு வாங்குச்சுன்னா நில்லு. நான் எங்கயும் போகல."

கமர் ஏறினாள். அவள் மூச்சு கௌசல்யாவின் காதுக்குள் கேட்டது. இரண்டு தடவை நின்றாள். மேலே போனதும் பெரிய சாலை வந்தது. பிறகு அந்தப் பந்தல் மரமும் வந்தது. அதன் அடியில் முதியவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கமர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கிளைகளைக் காட்டினாள்.

மதியழகன் தட்டில் சோறும் தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் கொண்டுவந்தார். கௌசல்யா கையால் சைகை காட்ட, பக்கத்தில் வைத்துவிட்டு அவரும் நின்று திரையைப் பார்த்தார்.

கார்மோவுக்குக் கமர் வந்தபோது சதுக்கமே ஊதாவாக இருந்தது. தரையெல்லாம் பூ. இரண்டு மூன்று பூக்கள் அவள் முக்காட்டின் மேல் விழுந்தன. அவள் அவற்றைத் தட்டிவிடவில்லை.

"எப்படி இருக்குன்னு சொல்லேன்டி" என்றாள் கௌசல்யா.

"சொன்னா ஒனக்குப் பொறாமையா இருக்கும்."

"இப்பவே இருக்கு. சொல்லு."

கமர் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, கௌசி. ஆனா நெனப்பு இங்க இல்ல. ஒனக்கு அந்த வளைவு ஞாபகம் இருக்கா? நீ அழுதியே, நான் ஒண்ணும் சொல்லத் தெரியாம டிபன் பாக்ஸத் தொறந்து குடுத்தேனே. அந்த மரமும் இம்புட்டு அகலம் இருக்கும்."

"இத விட அகலம்" என்றாள் கௌசல்யா. "சேமியா இருந்துச்சு அதுல."

"சேமியாவா? எனக்கு மறந்துபோச்சு."

"எனக்கு மறக்கல."

அங்கே எங்கோ டிராம் மணி அடித்தது. இங்கே தெருவில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போனார். அது என்ன சத்தம் என்று கமர் கேட்க, கீரை என்று கௌசல்யா சொன்னாள். அரைக்கீரையா என்று அவள் கேட்டதற்கு, மதியழகன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

"தாகமா இருக்கு. இங்க ஒரு பெட்டிக்கடை இருக்கு, டீ கேட்டுப் பாக்குறேன்" என்று கமர் எழுந்தாள்.

"என்னன்னு கேப்ப?"

"பாத்துக்கிட்டே இரு."

திரை குலுங்கியது. கடைக்காரப் பெண்ணின் முகம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. பிறகு, துளிக்கூடத் தயங்காத கமரின் குரல் சுத்தமான திண்டுக்கல் தமிழில் கேட்டது.

"ஒரு டீம்மா. சீனி கம்மியா."